உடுமலைப்பேட்டையும் தமிழ்நூல் இணைய விற்பனையும்

தமிழ் நூல்களை அயல்நாட்டு வாசகர்களுக்கு இணையம் வழியாக விற்பது தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் அண்மைக்காலப் பகுதி. திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த உடுமலைப்பேட்டை, உடுமலை.காம் என்னும் இணையப் புத்தகக் கடையால் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. தமிழ்ப் பதிப்பகங்களில் பெரும்பாலானவை சென்னையில் உள்ளன. பஞ்சாலைகளுக்கு அறியப்பட்ட ஒரு கொங்கு நகரிலிருந்து அவற்றின் நூல்களை வெளிநாடுகளுக்கு அனுப்ப முடிந்ததற்குப் பட்டியல், விலை, அஞ்சல் ஆகிய மூன்றும் அடிப்படை.

பட்டியல்களின் தொடக்கம்

அச்சிட்ட தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த முன்னோடிப் பட்டியல் ஜான் மர்டாக் 1865-ல் சென்னையில் வெளியிட்டது. 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொரு நூலின் தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கை, விலை போன்ற விவரங்களைப் பதியச் செய்தது. பிற்காலத்தில் பதிப்பகங்கள் தாமே விலைப்பட்டியல்களை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பின. 1877-ல் இந்தியாவில் அறிமுகமான வி.பி.பி. முறையால், நூலைப் பெற்றுக்கொள்ளும்போதே பணம் செலுத்த வாசகரால் முடிந்தது. அச்சுப்பட்டியலுக்கு ஒரு குறை இருந்தது. அது கைக்கு வந்து சேர்வதற்குள் சில நூல்கள் தீர்ந்திருக்கும். சிலவற்றின் விலை மாறியிருக்கும்.

எழுத்துருவும் தேடலும்

1990-களில் தமிழ் இணையப் பக்கங்கள் வெவ்வேறு எழுத்துருக்களில் அமைந்தன. திஸ்கி ஒருபுறம் வழங்கியது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து தாப், தாம் குறியீடுகள் வந்தன. ஒரு குறியீட்டில் உள்ள பட்டியலை மற்றொன்றில் தட்டச்சு செய்து தேட இயலாது. ஒருங்குறி பரவியபின் இத்தடை நீங்கியது. தமிழ்நாடு அரசு 2010-ல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. 2000-களின் நடுப்பகுதியில் சென்னையிலிருந்து இயங்கிய எனி இந்தியன் போன்ற தொடக்ககால இணையக் கடைகள் இம்மாற்றக் காலத்தைச் சேர்ந்தவை.

வெளிநாட்டு வாசகர் பலர் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் தேடுகின்றனர். ழகரத்தை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதுவர். ஆகவே ஒரே நூலுக்குத் தமிழ்ப் பெயரும் பல ரோமன் வடிவங்களும் பட்டியலில் தேவைப்படுகின்றன.

ஒரே தலைப்பு, பல பதிப்பு

கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையானவை. ஐந்து பாகங்கள் கொண்ட ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் பல பதிப்பகங்கள் வெவ்வேறு அளவிலும் தாளிலும் கட்டமைப்பிலும் வெளியிட்டுள்ளன. தலைப்பை மட்டும் பார்த்து விலை குறிக்க முடியாது. பதிப்பகம், பதிப்பு ஆண்டு, கட்டமைப்பு, எடை ஆகியவற்றைத் தனித்தனியே பதிய வேண்டும். பன்னாட்டுத் தரநூல் எண் இதற்கு உதவும். 2007 ஜனவரி 1 முதல் அது 13 இலக்கம் கொண்டது. ஆனால் தமிழின் பழைய பதிப்புகள் பலவற்றில் இவ்வெண் இல்லை. அவற்றுக்குக் கடையே தனி எண் கொடுக்க வேண்டியிருக்கிறது.

விலையும் எடையும்

தமிழ் நூலின் விலை பின்னட்டையில் ரூபாயில் அச்சாகிறது. வெளிநாட்டு வாசகருக்கு அதைவிட முக்கியமானது எடை. அச்சு விலை குறைவான தடித்த நூலுக்கு அஞ்சல் செலவு நூலின் விலையையே மிஞ்சிவிடலாம். பன்னாட்டு அஞ்சலில் அச்சு நூல் பொதி ஒன்றின் எடை வரம்பு 5 கிலோ. ஒரே முகவரிக்கு அதற்கு மேல் அனுப்ப ‘எம்’ பை என்னும் முறை உண்டு. பல நூல்களைச் சேர்த்து வாங்கும்போது ஒரு நூலுக்கான செலவு குறைகிறது. ஆகவே நண்பர்கள் கூடி ஒரே முகவரிக்குத் தருவிப்பது இருவருக்கும் ஆதாயம்.

நாணய மதிப்பும் விலையை மாற்றுகிறது. 2005-ல் ஒரு டாலர் ஏறத்தாழ 44 ரூபாய்; 2025-ல் 85 ரூபாயைத் தாண்டியது. 440 ரூபாய் நூல் அன்று 10 டாலர். அதே அச்சு விலை நீடித்தால் 85 ரூபாய் மதிப்பில் 5 டாலருக்கும் சற்று கூடுதல். அஞ்சல் கட்டணமும் அச்சு விலையும் ஏறியதால் இந்த ஆதாயம் வாசகருக்கு முழுமையாகச் சேர்வதில்லை. டாலர் விலையைப் பட்டியலில் நிலையாக எழுதிவைத்தால் ஓராண்டிலேயே அது பொருந்தாமல் போகும். ரூபாய் விலையை மூலமாகக் கொண்டு, வாங்கும் நாளின் மதிப்பில் கணக்கிடுவதே பாதுகாப்பானது.

பணம் பெறும் வழியிலும் கட்டுப்பாடுகள் இருந்தன. இணையக் கட்டண நிறுவனங்கள் வழியாக ஏற்றுமதிப் பணம் பெறுவதற்கு 2010 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தபோது, ஒரு பரிமாற்றத்தின் வரம்பு 500 டாலர். பின்னர் இவ்வரம்பு உயர்த்தப்பட்டது.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

இந்தியாவில் அச்சு நூல்களுக்குச் சரக்கு, சேவை வரி இல்லை. பிரிட்டனிலும் நூல்களுக்கு மதிப்புக் கூட்டு வரி சுழியம். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான இறக்குமதிக்கு இருந்த வரிவிலக்கை 2021 ஜூலை 1 முதல் நீக்கியது. ஆகவே லண்டன் வாசகரும் பாரிஸ் வாசகரும் ஒரே நூலுக்கு ஒரே இறுதி விலை கொடுப்பதில்லை.

அருகிலுள்ள திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கு பெருந்தொகுதிகளுக்கு வாங்குபவரோடு பேசி விலை முடிவாகிறது. நூலோ ஒவ்வொரு படியாக, விலை அச்சிடப்பட்ட நிலையில் செல்கிறது. நாட்டுக்கொரு விலை வைக்கும் முயற்சியும் நூல் துறையில் எளிதில் நிலைப்பதில்லை. தாய்லாந்தில் மலிவாக விற்ற பாடநூல்களை அமெரிக்காவில் மறுவிற்பனை செய்த சுபாப் கிர்ட்செங் மீது ஜான் வைலி பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. சட்டப்படி அச்சிட்டு விற்ற படியை மறுவிற்பனை செய்யலாம் என 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அஞ்சல் தடை

அமெரிக்காவின் புதிய சுங்க விதிகளால் 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பொதிகளை ஏற்பதைத் தற்காலிகமாக நிறுத்தியது. அக்டோபர் 15 முதல் மீண்டும் தொடங்கியது. அச்சு நூல்களுக்கு அமெரிக்காவில் இறக்குமதித் தீர்வை இல்லை. ஆயினும் அஞ்சல் நின்றபோது சிறு நகர விற்பனையாளருக்கு எஞ்சிய வழி, செலவு மிகுந்த தனியார் கூரியர் மட்டுமே. பட்டியலும் விலையும் சரியாக இருந்தாலும், நூல் வாசகரிடம் சேர்வது இன்றும் அரசு அஞ்சலின் கட்டணத்தைப் பொறுத்தே அமைகிறது.