ஐஸ் ஹாக்கியில் ஏ, பி, சி, டி

வட அமெரிக்காவில் பெரியவர்கள் பொழுதுபோக்காக ஆடும் ஐஸ் ஹாக்கி லீக்குகளில் அணிகளை ஏ, பி, சி, டி என்று ஆட்டத்திறன் பார்த்துப் பிரிப்பது வழக்கம். ஏ மேல்நிலை, டி புதியவர்களுக்கு உரியது. ஆனால் இந்த விளையாட்டில் ஆட்களைப் பிரித்த முதல் கோடு திறன் அல்ல, பணம்.

1875 மார்ச் 3 அன்று மான்ட்ரியலின் விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்கில், அணிக்கு ஒன்பது பேராக, கூரைக்கடியில் முறையாக நடந்த முதல் ஆட்டம் சம்பளம் வாங்காமல் ஆடிய அமெச்சூர்களுடையது. 1893இல் முதன்முறை வழங்கப்பட்ட ஸ்டான்லி கோப்பையும் அவர்களுக்கென்றே ஏற்பட்டது. சம்பளத்துக்கு ஆடிய அணிகள் அதற்குப் போட்டியிடத் தொடங்கியதும், 1908இல் அமெச்சூர்களுக்காக ஆலன் கோப்பை தனியே உருவானது.

அடுத்த கோடு வயது. 1975இல் கனடாவில் மூத்த ஆட்டக்காரர்களுக்கெனச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில், 'பீநட்ஸ்' கார்ட்டூனை வரைந்த சார்லஸ் ஷுல்ஸ், கலிபோர்னியாவின் சான்டா ரோசாவில் தாம் கட்டிய பனித்தளத்தில் மூத்தோர் போட்டியைத் தொடங்கினார்.

திறன் பார்த்துப் பிரிக்கும் தேவை வளர்ந்ததற்கு வெப்பமான ஊர்களும் ஒரு காரணம். 1988இல் ஐஸ் ஹாக்கியின் நட்சத்திர வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாறினார். 1991 முதல் 1993க்குள் சான் ஹோசே, டாம்பா, அனஹைம் நகரங்களுக்கும் தொழில்முறை அணிகள் வந்தன. அந்த ஊர்களில் சிறுவயதில் பனியையே மிதிக்காதவர்கள் முப்பது, நாற்பது வயதில் ஸ்கேட் கட்டினார்கள்.

தரத்தை முதலில் காட்டிக்கொடுப்பது கால்கள்தான். டி நிலை ஆட்டக்காரர் பலருக்கு ஒரு பக்கம்தான் திரும்ப வரும். நிற்க வேண்டுமென்றால் பக்கச் சுவரைப் பிடிப்பார்கள். சி நிலையில் இரு பக்கமும் நிற்க வரும், பின்னோக்கிச் சறுக்குவதில் தடுமாற்றம் இருக்கும். பி நிலையில் 'பக்' எனும் வட்டைக் குனிந்து பாராமலே சக வீரருக்குத் தள்ளுவார்கள். ஏ நிலையில் பெரும்பாலும் ஜூனியர் அல்லது கல்லூரி அணிகளில் ஆடியவர்கள். 170 கிராம் எடையுள்ள அந்தக் கெட்டி ரப்பர் வட்டு வேகமாகப் பறக்கும் களத்தில், நிலை தெரியாமல் ஆட்களைக் கலப்பது ஆபத்து. மோதித் தடுப்பதைப் பெரும்பாலான லீக்குகள் தடைசெய்ததும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்களைக் கருதியே.

இந்த எழுத்துகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஓர் ஊரின் பி இன்னோர் ஊரில் சி ஆகலாம். வெற்றிக்காகக் கீழ்நிலையில் இறங்கி ஆடும் திறமைசாலிகளே நீண்டகாலச் சிக்கல். அதனால் லீக்குகள் ஆட்டக்காரரின் பழைய அனுபவத்தைக் கேட்டுப் பதிவுசெய்கின்றன. தொடர்ந்து எளிதாக வெல்லும் அணியை அடுத்த பருவத்தில் ஒரு படி மேலே ஏற்றுகின்றன.