எதிர்வினை காட்டாத பசு

1894இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பகுதியில் உழவர் ஒருவர் வாங்கிய பசு, பால் தராமல் நாளுக்கு நாள் மெலிந்துவந்தது. குடற்காசநோய் என ஐயுற்ற உள்ளூர்க் கால்நடை மருத்துவர் டியூபர்குலின் செலுத்திப் பார்த்தார். 1890இல் ராபர்ட் கோக் காசநோய்க்கு மருந்தென அறிவித்து, மருந்தாகத் தோற்று, பின்னர் மாடுகளின் காசநோயைக் கண்டறியும் சோதனைப் பொருளாக நிலைபெற்ற சாறு அது. பசு எவ்வித எதிர்வினையும் காட்டவில்லை. அது இறந்தபின் அதன் குடற்பகுதிகள் டிரெஸ்டன் நகருக்கு அனுப்பப்பட்டன.

அங்கே ஹைன்ரிக் ஆல்பர்ட் யோனேயும், பாஸ்டனிலிருந்து வந்திருந்த லாங்டன் ஃபிராதிங்கமும் அவற்றை ஆராய்ந்தனர். தடித்துப்போன குடற்சவ்வில், காசநோய்க் கிருமியைப் போலவே அமிலத்திலும் சாயம் இழக்காத கோல்வடிவ நுண்ணுயிரிகள் இருந்தன. ஆயினும் அத்திசு செலுத்தப்பட்ட கினிப்பன்றிகளுக்குக் காசநோய் வரவில்லை. பறவைக் காசநோய்க் கிருமியே காரணம் என 1895இல் இருவரும் எழுதினர். இது தனியொரு நோய் என்பதை 1906இல் கோபன்ஹேகனின் பெர்ன்ஹார்ட் பாங் நிறுவினார். ஆனால் 1990இல் இக்கிருமி, பறவைக் காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் ஏவியத்தின் துணையினமாகவே வகைப்படுத்தப்பட்டது. டிரெஸ்டன் கணிப்பு உண்மையிலிருந்து அவ்வளவு விலகியிருக்கவில்லை. (தமிழில் 'ஜோனிஸ் நோய்' என வழங்கும் பெயரில் யோனேயின் ஜெர்மன் ஒலிப்பு மறைந்து, ஆங்கில வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டது.)

அந்தப் பசுவின் மௌனத்திற்குப் பொருள் கூறப் பல பத்தாண்டுகள் ஆயின. கன்றுப்பருவத்தில் சாணம், சீம்பால், பால் வழியே புகும் கிருமி, சிறுகுடற் சுவரிலுள்ள மேக்ரோபேஜ் செல்களுக்குள் குடியேறுகிறது. விழுங்கி அழிக்க வேண்டிய செல்லே அதற்கு வீடாகிறது. தொடக்கத்தில் டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து மேக்ரோபேஜ்களை முடுக்கிவிடுகின்றன. இச்செல்வழித் தடைகாப்பு நோயை ஆண்டுக்கணக்கில் அடக்கிவைக்கலாம். அது தளரும்போது குருதியில் எதிர்ப்பொருள்கள் பெருகுகின்றன. செல்லுக்குள் பதுங்கிய கிருமியை அவை எட்டுவதில்லை. ஆகவே இந்நோயில் எதிர்ப்பொருளின் மிகுதியைக் காப்பின் அடையாளமாகக் கொள்ள இயலாது. பெரும்பாலும் அது தோல்வியின் அறிவிப்பு. கழிச்சலும் மெலிவும் வெளிப்படுவதற்குள் அப்பசு சாணத்தின் வழியே தொழுவத்துக் கன்றுகளுக்கு நோயைக் கொடுத்திருக்கும். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் குருதிச் சோதனை, தொற்றுற்ற இளம் மாட்டை நலமானதென்று சொல்லிவிடுவதும் இதனால்தான்.

தடுப்பூசியின் வரலாறும் இச்சிக்கலிலிருந்து தப்பவில்லை. 1926இல் பிரான்சில் வாலேயும் ரென்ழாரும் உயிருள்ள கிருமியை எண்ணெயில் கலந்து தடுப்பூசி செய்தனர். தடுப்பூசி நோய்க்குறிகளையும் சாணத்தில் வெளியேறும் கிருமியையும் குறைத்தது. தொற்றை முற்றாகத் தடுக்கவில்லை. மேலும், ஊசி பெற்ற மாடு டியூபர்குலின் சோதனையில் காசநோயுள்ள மாட்டைப் போலவே எதிர்வினை காட்டக்கூடும். மாட்டுக் காசநோயை ஒழிக்க முயன்ற நாடுகள் பலவும் இத்தடுப்பூசியைத் தயங்கியே ஏற்றன.

அந்நாடுகளில் நோயுற்ற மாட்டைக் கொன்று அகற்றுவது வழக்கமான வழி. பசுவதைத் தடைச் சட்டங்கள் பல மாநிலங்களில் நிலவும் இந்தியாவில் அவ்வழி எளிதன்று. மதுரா அருகே மக்தூமிலுள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம், 'இந்தியன் பைசன்' வகைக் கிருமியைச் செயலிழக்கச் செய்து உள்நாட்டுத் தடுப்பூசியை உருவாக்கியதை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கு வெள்ளாட்டில் தொடங்கிய பணி பின்னர் மாடுகளுக்கும் விரிந்தது.