பூனைகளும் டாக்சோபிளாஸ்மா தொற்றும்

டாக்சோபிளாஸ்மா கோண்டி என்பது மனிதர் உட்பட வெப்ப இரத்த விலங்குகளில் வாழும் ஓரணு ஒட்டுண்ணி ஆகும். இது 1908 இல் கண்டறியப்பட்டபோதிலும், பரவலில் பூனையின் பங்கு 1970 வாக்கிலேயே தெளிவானது. பூனைக் குடும்ப விலங்குகளின் குடலில் மட்டுமே இது பால்முறையில் இனப்பெருக்கம் செய்கிறது. அங்கு லினோலெயிக் அமிலம் மிகுந்திருப்பதே காரணம் என 2019 ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது.

தொற்றுள்ள எலி, பறவைகளை உண்ணும் பூனை, பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, ஓரிரு வாரங்களுக்கு மட்டும், இலட்சக்கணக்கான உறையிட்ட முட்டைகளை மலத்துடன் வெளியேற்றுகிறது. இவை முதிர்ந்து தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும். எனவே பூனையைத் தடவுவதால் நோய் தொற்றுவது அரிது. மலம் கலந்த மண், நீர், கழுவாத காய்கறி ஆகியவற்றின் மூலமே முட்டைகள் மனிதரை அடைகின்றன. கனடாவின் விக்டோரியா நகரில் 1995 இல் ஏற்பட்ட பரவலுக்குக் குடிநீர்த் தேக்கமே காரணமாகக் கருதப்பட்டது. பூனையே இல்லாத வீட்டிலும் சரியாக வேகாத இறைச்சியால் இந்நோய் வரலாம்.

கருவுற்ற காலத்தில் முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால் கருவின் மூளையும் கண்ணும் பாதிக்கப்படலாம். இதற்கு அஞ்சி வளர்ப்புப் பூனையை விரட்டிவிடத் தேவையில்லை. முட்டைகள் முதிரும் முன்னரே, அதாவது நாள்தோறும், மலத்தட்டை வேறொருவர் தூய்மை செய்தல் வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுத்தலும் ஆகாது.