அண்ணா பிறந்தநாளும் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டும்

போன வாரம் ஊருக்கு, பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போயிருந்தேன். சித்தி பையன் 20,000 ரூபாயை எடுத்துக் காட்டி, "அண்ணா, இதுல கேமிங் பிசி வருமா?"ன்னு கேட்டான். லீவுல மரவள்ளிக் கிழங்கு லோடு ஏத்திச் சேர்த்த காசு. தப்பா வாங்கிட்டா அடுத்த லீவு வரைக்கும் காத்திருக்கணும். இன்னைக்கு எபிசோட் அந்த 20,000 பத்திதான். ஆனா கதை 2011-ல ஆரம்பிக்குது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்னைக்குத்தான் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வச்சாங்க. எல்காட் வாங்கி, அரசுப் பள்ளி மாணவர்கள் கைக்கு வந்தது. நோக்கம் படிப்பு. எங்க தெருவுல அதுதான் முதல் கேமிங் மெஷினும்கூட. ஜிடிஏ வைஸ் சிட்டி 2003-ல பிசிக்கு வந்த கேம். 128 எம்பி ரேமும் 32 எம்பி கிராபிக்ஸும் இருந்தாலே ஓடும். ஒரு பென்டிரைவ் ஊரையே சுத்தி வந்தது. திருட்டுக் காப்பிதான், மறைக்க ஒண்ணுமில்ல.

ஆனா லேப்டாப்புல கிராபிக்ஸ் கார்டை மாத்த முடியாது. அடுத்த தலைமுறை கேம்கள் வந்ததும் மாட்டிக்கிட்டோம். அப்போ கண்ணுல பட்டது, கம்பெனிகள் கழிச்சுவிடுற ஆபீஸ் டெஸ்க்டாப்புகள். சென்னைக்காரங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். எங்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம். 2012-ல வந்த ஐ5-3470 மாதிரி நாலு கோர் பிராசசர் உள்ள பெட்டி, அதுல ஒரு கார்டு. உலகம் முழுக்க ஏழை கேமர் ஃபார்முலா இதுதான்.

நானும் அப்படி ஒண்ணு வாங்கி ஏமாந்தேன். பெட்டி ஒல்லி மாடல், கார்டு முழு உயரம். உள்ளே போகவே இல்ல. கடைக்காரர் திருப்பி எடுக்கல. மூணு மாசம் கார்டு மேஜை அலங்காரம்.

அப்புறம் வந்தது மைனிங் காய்ச்சல். 2020, 2021-ல எத்திரியம் தோண்டுறவங்க கார்டுகளை அள்ளிக்கிட்டுப் போக, விலை எங்கேயோ போயிடுச்சு. அது முடிஞ்ச தேதியைப் பாருங்க: 2022 செப்டம்பர் 15, நம்ம நேரப்படி மதியம் 12 மணி தாண்டி, 'மெர்ஜ்'. எத்திரியத்துக்குக் கிராபிக்ஸ் கார்டே தேவையில்லன்னு ஆச்சு. மறுபடியும் அண்ணா பிறந்தநாள்! சும்மா தற்செயல்தான், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச தற்செயல். தோண்டின கார்டெல்லாம் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து கொட்டுச்சு.

தம்பி கண்ணு வச்சிருந்தது அப்படி ஒரு ஆர்எக்ஸ் 580. நான் வேண்டாம்னேன். அது தனியா 185 வாட் கேக்கும், 8-பின் கேபிளும் வேணும். ஆபீஸ் பெட்டியோட பவர் சப்ளை பெரும்பாலும் 300 வாட்டைத் தொடாது, அந்தக் கேபிளும் இருக்காது. பவர் சப்ளையையும் மாத்தினா பட்ஜெட் காலி.

அதனால 2016-ல வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 75 வாட், மதர்போர்டு ஸ்லாட்டே அதைக் கொடுத்துடும். இன்னொரு நிம்மதி, அது 4 ஜிபி கார்டு. எத்திரியத்தோட டேட்டா ஃபைல் 2020 கடைசியிலேயே 4 ஜிபியைத் தாண்டிடுச்சு. அதுக்கப்புறம் அதைப் போட்டு வாட்டியிருக்க வாய்ப்பு கம்மி.

சனிக்கிழமை ரெண்டு பேரும் பெங்களூரு பஸ் ஏறுறோம். இந்தத் தடவை கையில இன்ச் டேப்போட. மானிட்டருக்குக் காசு இல்ல. வீட்டு டிவியில ஒரே ஒரு எச்டிஎம்ஐ போர்ட், அதுல செட்டாப் பாக்ஸ் சொருகியிருக்கு. சித்தி சீரியல் நேரத்துல அதை யார் கழட்டுறதுன்னு இன்னும் முடிவாகல.