சிற்றாறும் கடைமடையும்

சாரல் காலம் தொடங்கிவிட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் பத்திரிகையில் முதலில் தேடுவது அணைகளின் நீர்மட்டத்தைத்தான். கடனாநதி, இராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று ஐந்து பெயர்கள் வரிசையாக இருக்கும். 36 அடிக் குண்டாறு முந்திக்கொண்டு நிரம்பிவிடும். 132 அடி அடவிநயினார் நிதானமாக ஏறும். வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலம் என்றால் குளியல். நமக்கு அது கார் நெல்.

இந்த ஐந்தில் முதல் இரண்டும் சிற்றாற்றில் சேராமல் தாமிரபரணிக்குப் போகிறவை. மற்ற மூன்றும் சிற்றாற்றைச் சேர்ந்தவை. சிற்றாறு திரிகூட மலையில் பிறந்து, பேரருவியாக விழுந்து, தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. வழியில் 17 அணைக்கட்டுகள். இவை மேட்டூர், பாபநாசம் போல நீரைத் தேக்குகிற அணைகள் அல்ல. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டி, தண்ணீரைச் சற்றே உயர்த்திக் காலில் திருப்பிவிடும் கல் கட்டுகள். தேக்குவதற்குக் குளங்கள் இருந்தன. ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. மேலே இருப்பவன் மடையை ஒரு நாள் கூடுதலாகத் திறந்து வைத்தால், கீழே இருப்பவனுக்கு அது தெரிய வருவதற்குள் பயிர் வாடிவிடும். அதனால் கல்லையும் சுண்ணாம்பையும்விட, ஊர்களுக்குள் இருந்த ஒப்பந்தம்தான் இந்த ஆற்றுக்கு முக்கியமாக இருந்தது. மடை திறப்பதும் வயலுக்குப் பாய்ச்சுவதும் தனி ஆளின் பொறுப்பு. மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி என்று பெயர்கள் உண்டு. களத்தில் நெல் அளக்கும்போது அவர் பங்கும் அளக்கப்படும். எல்லார் வயலும் விளைந்தால்தான் அவருக்கும் கூலி நிறையும்.

சிற்றாற்றுத் தண்ணீரை நீண்ட கால்வாய் வழியே எதிர்பார்த்திருக்கும் ஊர்களில் ஒன்று மானூர். அங்கே சிவன் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1,200 ஆண்டு பழமை. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி சொல்கிறது. எந்த முடிவுக்கும் விடாமல் மறுப்புச் சொல்லி முட்டுக்கட்டை போடுகிறவருக்கு 5 காசு தண்டமாம்! கூடிப் பேசி முடிவெடுப்பதை இவ்வளவு கண்டிப்பாக வைத்திருந்த ஊர் அது.

பின்னால் வந்த ஆட்சிகள் ஆற்றைத் துண்டு துண்டாக்கின. குண்டாறு பிறக்கும் செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர் அரசரிடம். தென்காசி வெள்ளைக்காரர் ஆட்சியில். அதற்குக் கிழக்கே வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஊற்றுமலை ஜமீன். ஒரே தண்ணீருக்கு மூன்று கச்சேரிகள். தீர்வையைக் கணக்காக வசூலித்த சர்க்கார், கால் வெட்டும் வேலையை ஊராரிடமே விட்டது. ஊரார் தயங்கியபோது, 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைச் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தது. தானாக நடந்த குடிமராமத்து அதட்டி நடத்த வேண்டியதாகிவிட்டது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை நம்மோடு இணைந்தது. ஆற்றின் தலையும் வாலும் அன்றுதான் ஒரே திருநெல்வேலி மாவட்டத்துக்குள் வந்தன.

இந்த விஷயம் என் மனத்தில் தைத்ததற்குக் காரணம் உண்டு. நான் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்தது காரைக்காலில். அது காவிரியின் கடைமடை. எங்கள் அரசலாற்றுக்குத் தண்ணீர் வரும் வழி தஞ்சாவூர் ஜில்லா. நாங்கள் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தபோது தண்ணீர் ஆங்கிலேயர் எல்லையைக் கடந்துதான் வர வேண்டும். மேலே மழை பெய்ததா என்று கேட்டுக் கேட்டே வாழ்ந்த ஊர்.

ஆனால் காரைக்காலுக்கு ஒரு வசதி இருந்தது. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசமாக இருந்ததால் காவிரி வழக்கில் அதுவும் ஒரு கட்சிக்காரர். 2007இல் நடுவர் மன்றம் அதற்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018இல் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையத்திலும் அதற்கு ஒரு நாற்காலி உண்டு. அளவு சிறிதுதான். ஆனாலும் கணக்குப் பார்க்கிற மேசையில் கடைமடைக்காரனும் உட்கார்ந்திருக்கிறான்.

பிரான்சில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டை ஆற்று வடிநிலங்களாக ஆறு பகுதிகளாகப் பிரித்தது. மாவட்ட எல்லையைப் பார்க்கவில்லை. தண்ணீர் எங்கே வடிகிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு வடிநிலத்துக்கும் ஒரு குழு. அதில் அதிகாரிகளோடு, ஊர்களின் பிரதிநிதிகளும் தண்ணீரைப் பயன்படுத்துவோரும் உட்காருகிறார்கள்.

நம்மிடமும் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். தென்காசியில் நீர்வளத் துறையின் சிற்றாறு வடிநிலக் கோட்டம் இருக்கிறது. பெயரிலேயே ஆறு இருக்கிறது. விவசாயிகளே பாசனத்தை நிர்வகிப்பதற்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் உண்டு. 2017இல் குடிமராமத்து மறுபடி வந்தது. செலவில் பத்தில் ஒரு பங்கு ஆயக்கட்டுக்காரர்கள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றார்கள். நல்ல எண்ணம்தான்.

ஆனால் 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. வெகுநாள் கோரிக்கை, நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அன்றே சிற்றாற்றின் குறுக்கே ஒரு கோடும் விழுந்தது. அருவியும் அணைகளும் தலை மடைகளும் தென்காசி மாவட்டத்தில். மானூரும் சீவலப்பேரியும் திருநெல்வேலி மாவட்டத்தில். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மேல்மடைக்காரர் ஒரு கலெக்டரிடம் போகிறார். கடைமடைக்காரர் வேறொரு கலெக்டரிடம் போகிறார். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க வழியில்லை. 1956இல் அழிந்த கோடு, இடம் மாறி மறுபடி வந்திருக்கிறது.

அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு புரட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே நடந்தால் வாரங்கள் ஓடிவிடும். நெற்பயிர் அத்தனை நாள் காத்திருக்காது. கார் பருவத்துக்கு முன்னால் ஒரு முறை, பிசானத்துக்கு முன்னால் ஒரு முறை, இரண்டு மாவட்ட அதிகாரிகளும் 17 அணைக்கட்டுகளின் சங்கத்தாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் போதும். புதுச் சட்டம் வேண்டாம், புது அலுவலகமும் வேண்டாம். கடைசிக் குளத்துக்காரரை முதலில் பேசவிட வேண்டும், அவ்வளவுதான்.