ஈறும் இதயமும்: சேர்த்தார்கள், பிரித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள்

பெரம்பலூர், அரியலூர்க்காரங்களுக்கு இன்னைக்குக் கதை சட்டுனு புரியும். 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரிச்சாங்க. 2002-ல் மறுபடி சேர்த்தாங்க. 2007-ல் திரும்பவும் பிரிச்சாங்க. மருத்துவ வரலாற்றில் வாய்க்கும் உடம்புக்கும் நடுவே போட்ட கோடும் இப்படித்தான் மாறிக்கிட்டே இருந்தது.

1900-ல் வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர், வாயில் தேங்கும் சீழ்தான் உடம்பின் பல நோய்களுக்குக் காரணம்னு எழுதினார். 1910-ல் கனடாவின் மான்ட்ரியலில் அதையே பேசினார். விஷயம் பத்திக்கிச்சு. அடுத்த சில பத்தாண்டுகள், மூட்டுவலி, மனநோய்னு வந்தவங்களுக்குக்கூடப் பல்லைப் பிடுங்கினாங்க. நல்ல பல்லையும் சேர்த்து. பல் போச்சு, நோய் போகலை. 1950-களுக்குள் அந்தக் கொள்கை செல்வாக்கு இழந்தது.

1989-ல் பின்லாந்தில் மாட்டிலா குழு, மாரடைப்பு வந்த 100 பேரையும் வராத 102 பேரையும் ஒப்பிட்டது. மாரடைப்பு வந்தவங்களோட வாய் நலம் மோசமா இருந்தது. கேள்வி மறுபடி உயிர் பெற்றது.

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுறவன். எங்க வேலையில் ரெண்டு எரர் ஒண்ணா வந்தா, ஒண்ணுதான் இன்னொண்ணுக்குக் காரணம்னு உடனே சொல்ல மாட்டோம். இங்கேயும் அப்படித்தான். புகையிலையும் சர்க்கரை நோயும் ஈறையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். 2012-ல் அமெரிக்க இதயச் சங்கம் இதையெல்லாம் கழிச்சுப் பார்த்துட்டு, தொடர்பு இருக்கு, ஆனா ஈறு நோய்தான் காரணம்னோ, அதைக் குணப்படுத்தினா மாரடைப்பு வராதுன்னோ நிரூபணம் இல்லைன்னு சொன்னது.

ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே இல்லை. செயற்கை வால்வு வெச்சவங்களுக்கு வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பாக்டீரியா இதயத்தில் தொற்றை உண்டாக்கலாம். பல் பிடுங்குறதுக்கு முன்னாடி அதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும்.

நம்ம பக்கம் ஈறில் ரத்தம் வந்தா "உடம்புச் சூடு"ன்னு உப்புத் தண்ணியில் கொப்பளிச்சு விட்டுடுவாங்க. அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருது. அப்பாவுக்கு மாத்திரை வாங்கும்போது, பல் விளக்கினா ரத்தம் வருதான்னும் கேளுங்க. வந்தா, பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இதயத்துக்காகன்னு உறுதியா சொல்ல முடியாது; அவர் பல்லு நிலைக்கும், அது நிச்சயம்.