கனடா நாணயங்கள்: எண்ணிக்கையும் விலையும்



“இந்த நாணயம் ஐயாயிரம் மட்டுமே வெளியிடப்படும்” என்ற விளம்பரத்தைக் கண்டால், குறைவாக உள்ள பொருள் நாளை விலை ஏறத்தானே வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. சேமிப்புப் பணத்தை அதில் போடுவோரும் உண்டு. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி? கனடா நாட்டு நாணயங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம். நாம் பணத்தையே வெள்ளி என்று சொல்லிப் பழகியவர்கள். இப்பேச்சில் வெள்ளி என்றால் உலோகம். கனடாவின் பணம் டாலர்.

கனடாவின் நாணயச்சாலை, பிரிட்டிஷ் அரச நாணயச்சாலையின் கிளையாக 1908ஆம் ஆண்டு ஒட்டாவா நகரில் தொடங்கப்பட்டது. 1921ஆம் ஆண்டு அங்கே 206,398 ஐம்பது காசு நாணயங்கள் அடிக்கப்பட்டன. ஆனால் அவற்றுக்குத் தேவை ஏற்படவில்லை. பெரும்பாலானவை பெட்டகத்திலேயே கிடந்தன. 1929இல் மீண்டும் தேவை வந்தபோது, பழைய ஆண்டு பொறித்த புது நாணயங்களைக் கண்டு மக்கள் கள்ளக்காசு என ஐயுறுவார்களோ என்று கருதி, அவற்றை உருக்கிவிட்டனர். இன்று எஞ்சியவை ஏறத்தாழ நூறுதான்.

அடுத்த கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. எனவே ஆறாம் ஜார்ஜ் மன்னரை ‘இந்தியாவின் பேரரசர்’ என்று குறிக்கும் இலத்தீன் சொற்களை நாணயங்களிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. புதிய அச்சுகள் இலண்டனிலிருந்து வரத் தாமதமாயின. அதுவரை, 1947 என்ற ஆண்டின் பக்கத்தில் சிறிய மேப்பிள் இலை ஒன்றைச் சேர்த்து நாணயம் அடித்தார்கள். இதனால் 1948ஆம் ஆண்டின் வெள்ளி டாலர் 18,780 மட்டுமே வெளிவந்தது.

1967ஆம் ஆண்டின் டாலரும் அதே எடை, அதே அளவு வெள்ளி கொண்டது. ஆனால் அது ஆறு மில்லியனுக்கு மேல் அடிக்கப்பட்டது. இன்று அது உலோக விலையை ஒட்டியே விற்கிறது. 1948 டாலரோ அதைப் போல் பன்மடங்கு விலை பெறுகிறது.

இங்கே எண்ணிக்கை மட்டுமா காரணம்? இல்லை. 1935 முதல் 1967 வரையிலான வெள்ளி டாலர்களை வரிசையாகச் சேர்ப்பவர் யாராயினும், 1948ஐத் தேடியே ஆகவேண்டும். அது இல்லாமல் அவருடைய வரிசை நிறைவு பெறாது. பொருள் குறைவு, தேடுவோர் பலர்: இவை இரண்டும் கூடினால்தான் விலை உயரும்.

இனி, சேர்த்து வைப்பதற்கென்றே வெளியிட்ட நாணயங்களைப் பார்ப்போம். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக் போட்டியை முன்னிட்டு, 1973 முதல் 28 வகை வெள்ளி நாணயங்கள் வெளியிடப்பட்டன. வாங்கியவர்கள் பெட்டியோடு பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் காத்து வைத்ததால் எதுவும் அரிதாகவில்லை. இன்றும் அவற்றின் விலை பெரும்பாலும் வெள்ளியின் விலைதான்.

இக்கால வெளியீடுகளின் எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவு. சில, ஆயிரக்கணக்கில் மட்டுமே. ஆனால் வண்ணம் பூசியவை, பளிங்குக் கல் பதித்தவை என ஆண்டுதோறும் பல வகைகள் வருகின்றன. எல்லாவற்றையும் வாங்குவோர் சிலரே. ஒன்று விடுபட்டாலும் எவருக்கும் குறையில்லை. ஐயாயிரம் நாணயங்களை மூவாயிரம் பேர்தான் விரும்பினால், அந்த ஐயாயிரமும் மிகுதியே. வாங்கும் விலையிலோ உலோகத்தோடு செய்கூலி, பெட்டி, இலாபம் எல்லாம் அடங்கியுள்ளன. விற்கும்போது வியாபாரி பெரும்பாலும் உலோகத்தைத்தான் நிறுத்துப் பார்ப்பார்.

நேயர்களே, அழகுக்காகவும் வரலாற்றுக்காகவும் இந்நாணயங்களை வாங்குங்கள். அதில் இழப்பு இல்லை. முதலீடு என்று வாங்குமுன், ‘எத்தனை அடித்தார்கள்?’ என்பதோடு நிறுத்தாமல், ‘இருபது ஆண்டுகளுக்குப் பின் இதை யார் தேடுவார்?’ என்றும் கேளுங்கள். விடை தெரியாவிட்டால், பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணத்தை அதில் போடாதீர்கள்.